எஸ்ஆர்1 படிவம்: யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது

பிரித்தானியாவில் வாழும் ஒருவருக்கு இனி மாறாத நோய் என்று வைத்தியர் சொன்ன பிறகு, வீட்டில் யாராவது ஒருவர் கடதாசி வேலைகளைப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது மகளாக, மருமகனாக, அல்லது வாழ்க்கைத் துணையாக இருக்கும். இந்த அத்தியாயம் அவருக்காக எழுதப்பட்டது.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். முற்றிக்கொண்டு போகும் நோயால் 12 மாதங்களுக்குள் இறப்பு நேரலாம் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவர்களுக்கு, கொடுப்பனவுகளை விரைவாகத் தருவதற்கென்று ஒரு தனிவழி இருக்கிறது. 'ஸ்பெஷல் ரூல்ஸ்' என்று அதைச் சொல்வார்கள். இந்த வழியில் நீண்ட கேள்விப் படிவம் இல்லை, நேர்முக மதிப்பீடு இல்லை, மாதக்கணக்கில் காத்திருப்பதும் இல்லை. இவற்றுக்கெல்லாம் பதிலாக வைத்தியரோ தாதியோ நிரப்பும் ஒரே ஒரு மருத்துவச் சான்று போதும். அதுதான் எஸ்ஆர்1.

1990 முதல் இந்த வரம்பு 6 மாதமாகவே இருந்தது. யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் ஈஎஸ்ஏக்கும் (எம்ப்ளோய்மன்ட் அன்ட் சப்போர்ட் அலவன்ஸ்) 2022 ஏப்ரல் 4 முதல், பிப் (பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமன்ட்), அட்டென்டன்ஸ் அலவன்ஸ், சிறுவர்களுக்கான டிஎல்ஏ (டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) ஆகியவற்றுக்கு 2023 ஏப்ரல் 3 முதல், 12 மாதமாக நீட்டப்பட்டது. பழைய படிவத்தின் பெயர் டிஎஸ்1500. இன்றைக்கும் சில வைத்தியசாலைகளில் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அவர்கள் சொல்ல வருவது எஸ்ஆர்1தான். ஆனால் யாராவது "ஆறு மாதம்" என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால் விட்டுவிட வேண்டாம். விதி மாறிவிட்டதென்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

எதற்கும் முன் விசாவைப் பாருங்கள்

நம்மவர்களுக்கான நூல் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோயாளியின் விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்ற நிபந்தனை இருந்தால் பிப், அட்டென்டன்ஸ் அலவன்ஸ், டிஎல்ஏ, கேரர்ஸ் அலவன்ஸ், யுனிவர்சல் கிரெடிட் எதற்கும் விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பித்தால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். பார்வையாளராக வந்த பெற்றோர், வேலை விசாவில் இருப்பவர்கள், மாணவர்கள், அவர்களின் துணைவர்கள் எல்லோருக்கும் இந்த நிபந்தனை உண்டு. ஈ-விசாவைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இதில் நான்கு விடயங்களைப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள்:

- வேலை விசாவில் இருந்து நஷனல் இன்சூரன்ஸ் கட்டியவர் 'நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ'வுக்கு விண்ணப்பிக்கலாம். அது கட்டிய காப்புறுதியின் பேரில் வருவது. பொதுநிதிப் பட்டியலில் இல்லை.
- பிள்ளைகளின் பொறுப்புறுதியின் பேரில் நிரந்தர வதிவிடம் பெற்று வந்த முதியவர்களுக்கு, வருமானத்தைப் பார்த்துத் தரும் கொடுப்பனவுகள்தான் 5 ஆண்டுகளுக்கு மறுக்கப்படுகின்றன. பிப்புக்கும் அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கும் அந்தத் தடை கிடையாது.
- வழக்கமாகக் கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஸ்பெஷல் ரூல்ஸ் வழியில் அந்த நிபந்தனை தளர்த்தப்படுகிறது. ஆனாலும் வழக்கமான வாழ்விடம் இங்கேதான் இருக்க வேண்டும்.
- அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் காத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது.

விசாவைப் பற்றிச் சிறு சந்தேகம் இருந்தாலும் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ தாள்களைக் காட்டிய பிறகே தொலைபேசியை எடுங்கள். கோயிலில் சந்தித்தவர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கொடுப்பனவு எதுவும் கிடைக்காதவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல. இங்கிலாந்தில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனமான ஹொஸ்பிஸ் ஒன்று தரும் வலிநிவாரணப் பராமரிப்புக்கு, பார்வையாளர் விசாவில் வந்தவரிடம்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. குடும்ப வைத்தியரை (ஜிபி) பார்ப்பதும் இலவசம்.

எந்தக் கொடுப்பனவு?

வயதே இதைத் தீர்மானிக்கிறது. 16 வயதுக்குக் கீழே டிஎல்ஏ. 16 முதல் அரச ஓய்வூதிய வயது வரை பிப். அதற்கு மேல் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். இந்த மூன்றுக்கும் வருமானம், சேமிப்பு, சொந்த வீடு எதையும் பார்ப்பதில்லை, வரியும் இல்லை. "எங்களுக்கு வீடு இருக்கு, கிடைக்காது" என்று பேசாமல் இருந்துவிடும் குடும்பங்கள் அதிகம். அந்த எண்ணம் தவறு.

2025-26 ஆம் ஆண்டின் கணக்குப்படி பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதியின் உயர்ந்த தொகை வாரத்துக்கு 110.40 பவுண். அட்டென்டன்ஸ் அலவன்ஸின் உயர்ந்த தொகையும் அதுவே. எஸ்ஆர்1 ஏற்கப்பட்டால் இந்த உயர்ந்த தொகை தானாகவே கிடைக்கும். பிப்பில் நடமாட்டப் பகுதி என்று இன்னொன்றும் உண்டு (29.20 அல்லது 77.05 பவுண்). ஆனால் அது தானாகக் கிடைக்காது. பல குடும்பங்கள் அதை இழப்பது இதனால்தான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை செய்ய முடியாமல் யுனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவர்களுக்கு, வேலைத்திறன் மதிப்பீடும் மூன்று மாதக் காத்திருப்பும் இல்லாமல் நோய்க்கான மேலதிகத் தொகை சேரும். 2026 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்கு இந்தத் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டாலும், ஸ்பெஷல் ரூல்ஸ் வழியில் வருபவர்களுக்கு உயர்ந்த தொகையே தொடர்கிறது. ஆகவே இவர்களுக்கும் எஸ்ஆர்1 முக்கியம்.

*குறிப்பு:* நோயாளி ஓய்வூதிய வயதை நெருங்கிக்கொண்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அட்டென்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டப் பகுதியே இல்லை. ஓய்வூதிய வயதுக்கு முன்பே பிப் பெற்றுவிட்டவருக்கு அது தொடரும். 66ஆக இருந்த அந்த வயது, 1960 ஏப்ரல் 6 முதல் பிறந்தவர்களுக்குப் படிப்படியாக 67ஆக உயர்கிறது.

யாரிடம் கேட்பது

ஜிபியிடம்தான் கேட்க வேண்டும் என்று நினைத்து, அவருடைய சந்திப்பு நேரத்துக்காகப் பலர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எஸ்ஆர்1ஐ வைத்தியசாலையின் கன்சல்டன்ட் நிரப்பலாம், வார்டு வைத்தியர் நிரப்பலாம், ஹொஸ்பிஸ் வைத்தியர் நிரப்பலாம். பதிவுபெற்ற தாதியும் நிரப்பலாம். மக்மில்லன் தாதி (புற்றுநோய்த் தாதி), இதயச் செயலிழப்புத் தாதி, சிறுநீரகத் தாதி, வீட்டுக்கு வரும் வலிநிவாரணத் தாதி எல்லோரும் இதில் அடங்குவார்கள்.

என் அனுபவத்தில், முதலில் கேட்க வேண்டியது சிறப்புத் தாதியிடம்தான். நோயாளியை அடிக்கடி பார்ப்பவர் அவர். சிகிச்சை பலனளிக்கிறதா என்று அவருக்குத் தெரியும். இந்தப் படிவமும் அவருக்குப் பழக்கமானது. ஜிபியைப் பொறுத்தவரை, கன்சல்டன்டின் கடிதம் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடிதம் சேராத ஜிபி பழைய தகவலை வைத்தே எழுதுவார். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எடுத்த பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

படிவத்துக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. யாராவது கேட்டால், இது எஸ்ஆர்1 என்று நினைவூட்டுங்கள்.

எப்போது கேட்பது

வைத்தியர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் அளவுகோல் இதுதான்: இந்த நோயாளி அடுத்த 12 மாதங்களுக்குள் இறந்துபோனால் உங்களுக்கு அது ஆச்சரியமாக இருக்குமா? இருக்காது என்றால் படிவத்தை நிரப்பலாம். இந்தக் கேள்வியைக் கேட்பவரும் பதில் சொல்பவரும் நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். "இத்தனை மாதம்" என்று வைத்தியர் எழுதத் தேவையில்லை. படிவத்தில் அப்படி எழுதும் இடமும் இல்லை. இது இறக்கும் நாளைக் குறிக்கும் தாள் அல்ல. படிவம் போன பிறகு நோயாளி இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழ்ந்தால் மகிழ்ச்சி. வாங்கிய காசைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பிப் இந்த வழியில் வழக்கமாக 3 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது.

"இப்போதே கேட்டால் அம்மாவைக் கைவிட்டுவிட்டோம் என்றாகாதா?" என்று கேட்கும் பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். ஆகாது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதும் கேட்கலாம், புதிய மருந்தொன்றை முயன்றுகொண்டிருக்கும்போதும் கேட்கலாம். அந்தக் காசு வந்தால் அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக டாக்ஸி எடுக்கலாம், இரவு ஹீட்டரைப் போடலாம், மகள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேட்பதற்கான வேளை வந்துவிட்டதென்று காட்டும் சில அறிகுறிகள்:

- இனி சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதல்ல, கட்டுப்படுத்துவது அல்லது வலியைக் குறைப்பது மட்டுமே என்று சொல்லப்பட்டிருந்தால்.
- வலிநிவாரணக் குழுவுக்கோ ஹொஸ்பிஸுக்கோ பரிந்துரைக்கப்பட்டிருந்தால்.
- ஒரே நோய்க்காக வைத்தியசாலையில் திரும்பத் திரும்ப அனுமதிக்கப்பட்டிருந்தால்.
- டயலிசிஸ் வேண்டாம் அல்லது நிறுத்துவோம் என்று முடிவாகியிருந்தால்.

கடைசி இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்தேன். எஸ்ஆர்1 புற்றுநோய்க்கு மட்டும்தான் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. நீரிழிவும் இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் தெற்காசியக் குடும்பங்களில் அதிகம். ஆனால் அந்த நோயாளிகளுக்காகத்தான் குறைவாகக் கேட்கிறார்கள். இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் செயலிழப்பு, மோட்டார் நியூரோன் நோய், முற்றிய டிமென்ஷியா எல்லாவற்றுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. இந்த நோய்கள் ஏறி இறங்கிப் போவதால் வைத்தியர்கள் தயங்குவார்கள். தயங்கினால் அந்த ஆச்சரியக் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது

1. ஒரு தாளில் நோயாளியின் முழுப்பெயர் (கடவுச்சீட்டில் உள்ளபடி), பிறந்த தேதி, முகவரி, நஷனல் இன்சூரன்ஸ் எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தமிழ்ப் பெயர்களில் எது முதற்பெயர், எது தந்தையின் பெயர் என்ற குழப்பத்தால், வைத்தியசாலைப் பதிவிலும் கொடுப்பனவுகளைத் தரும் அரச திணைக்களமான டிடபிள்யூபியின் பதிவிலும் பெயர் வேறுவேறாக இருப்பதுண்டு. எஸ்ஆர்1இல் உள்ள பெயர் விண்ணப்பத்தில் உள்ள பெயருடன் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் சேராமல் கிடக்கும்.

2. ஜிபி வரவேற்பில் "கடிதம் வேண்டும்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சாதாரணக் கடிதங்களின் வரிசையில் போய்க் கிடக்கும். "எஸ்ஆர்1, ஸ்பெஷல் ரூல்ஸ் ஃபோர் எண்ட் ஒஃப் லைஃப்" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள், அவசரமானது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. தாதியுடன் பேசும்போது இப்படித் தொடங்கலாம்: "அப்பாவுக்காகப் பிப் எடுக்கப் போகிறோம். அடுத்த ஒரு வருடத்துக்குள் நிலைமை மோசமானால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா? இருக்காது என்றால் எஸ்ஆர்1 நிரப்பித் தருவீர்களா?"

4. நோயாளியின் அன்றாட நிலையை நாலைந்து வரிகளில் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு தூரம் நடக்கிறார், சாப்பிடும் அளவு, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது, இரவில் எத்தனை தடவை எழுகிறார். படிவத்தில் எழுதுவது தாதியின் அல்லது வைத்தியரின் பொறுப்பு. ஆனால் கிளினிக்கில் பத்து நிமிடம் பார்த்தவருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்காது.

5. படிவத்தை யார், எப்போது, எப்படி அனுப்புகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வைத்தியரே நேராக டிடபிள்யூபிக்கு அனுப்பிவிடுவார். கையில் தந்தால் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு அனுப்புங்கள்.

நோயாளிக்கு ஆங்கிலம் போதாதென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமை. என்எச்எஸ் அதற்குக் காசு வாங்காது. பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்து இந்தப் பேச்சை நடத்த வேண்டாம். ஒரு குழந்தை காதால் கேட்கக்கூடிய பேச்சல்ல இது.

படிவத்தில் என்ன இருக்க வேண்டும்

எஸ்ஆர்1 சிறிய படிவம்தான். நோயின் பெயர், அது கண்டறியப்பட்ட தேதி, நோயின் தற்போதைய நிலை, நடந்த சிகிச்சையும் அதன் பலனும், இனித் திட்டமிட்டிருக்கும் சிகிச்சை, நிலைமை நோயாளிக்குத் தெரியுமா என்ற கேள்வி, எழுதியவரின் விவரம். அவ்வளவே.

வைத்தியரின் வேலையில் நீங்கள் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனாலும் வலுவான படிவத்துக்கும் மெலிந்த படிவத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சரியான தகவல் அவர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

மெலிந்தது: "நுரையீரல் புற்றுநோய். சிகிச்சை பெறுகிறார்."

வலுவானது: "நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவியுள்ளது. இரண்டாவது கீமோவுக்குப் பிறகும் வளர்கிறது. இனி வலிநிவாரணம் மட்டும்."

முதலாவதைப் படிக்கும் அலுவலருக்கு எதையும் முடிவுசெய்ய முடியாது. வைத்தியரை அழைத்துக் கேட்க வேண்டிவரும், அதனால் நாட்கள் போகும். இரண்டாவதில் நிலை, பரவல், சிகிச்சை பயனளிக்காமை, இனி என்ன என்ற நான்கும் இருக்கின்றன.

புற்றுநோய் அல்லாதவற்றில் வலுச் சேர்க்கும் விவரங்கள் வேறு. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் வீதம், படுத்திருக்கும்போதே வரும் மூச்சுத்திணறல், கடந்த ஆண்டில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தடவைகள். நுரையீரல் நோய் என்றால் வீட்டில் ஒக்சிஜன் பாவிப்பதும் மூச்சுப் பரிசோதனை முடிவுகளும். சிறுநீரகம் என்றால் அதன் செயல்திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண், டயலிசிஸ் பற்றிய முடிவு. மோட்டார் நியூரோன் நோய் என்றால் மூச்சு இயந்திரம் தேவைப்படத் தொடங்கிய நாள், விழுங்குவதில் உள்ள சிக்கல். டிமென்ஷியா என்றால் படுக்கையில் கிடப்பது, பேச்சு நின்றுபோனது, திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுத் தொற்று. இவற்றில் உங்களிடம் உள்ள கடிதங்களைக் கோப்பில் வரிசையாக வைத்து, கேட்கப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

- அனுதாபக் கடிதம் கேட்பது. "இவர் நல்ல மனிதர், குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது" என்ற வரிகளுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.
- முந்நூறு பக்க மருத்துவப் பதிவை இணைப்பது. எஸ்ஆர்1 சரியாக இருந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை.
- எஸ்ஆர்1 கைக்கு வரும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பது. இழப்பு அதிகமாவது இதனால்தான். காசு விண்ணப்பம் தொடங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். படிவம் பின்னால் போய்ச் சேரலாம்.

நோயாளிக்குத் தெரியாதபோது

அப்பாவுக்கு "கட்டி" என்றுமட்டும் சொல்லி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அது சரியா தவறா என்று இந்த நூல் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் அந்தக் காரணத்தால் கொடுப்பனவைக் கேட்காமல் விட வேண்டியதில்லை.

ஸ்பெஷல் ரூல்ஸ் வழியில் பிப், அட்டென்டன்ஸ் அலவன்ஸ், டிஎல்ஏ ஆகியவற்றுக்கு, நோயாளிக்குத் தெரியாமலே இன்னொருவர் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. நோயாளிக்கு நிலைமை தெரியாதென்றால் அதை வைத்தியர் எஸ்ஆர்1இல் குறிக்க வேண்டும். இதை நீங்களே தெளிவாக அவரிடம் சொல்லுங்கள், தொலைபேசியில் டிடபிள்யூபி அலுவலரிடமும் சொல்லுங்கள். நிரப்பிய படிவத்தை வீட்டில் மேசைமேல் வைக்க வேண்டாம்.

கடிதமும் காசும் நோயாளியின் பெயரிலேயே வரும் என்பதையும் மனதில் வையுங்கள். "உங்களைப் பார்த்துக்கொள்ள உதவிக் காசு கேட்டிருக்கிறம், அப்பா" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. அது பொய்யும் அல்ல.

யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் ஈஎஸ்ஏக்கும் இப்படி விண்ணப்பிக்க முடியாது. நோயாளியோ, அவர் சார்பாக முறைப்படி நியமிக்கப்பட்டவரோதான் விண்ணப்பிக்க வேண்டும்.

தொலைபேசியை எடுப்பது

பிப்புக்கான புதிய விண்ணப்ப எண் 0800 917 2222. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் படிவம் கேட்க 0800 731 0122. ஏற்கனவே சாதாரண வழியில் பிப் வாங்கிக்கொண்டிருப்பவர் 0800 121 4433ஐ அழைத்து, எஸ்ஆர்1 அனுப்புவதாகச் சொல்லி மாற்றக் கேட்க வேண்டும். புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை.

1. கையில் வைத்திருக்க வேண்டியவை: நஷனல் இன்சூரன்ஸ் எண், வங்கி விவரம், ஜிபியின் பெயரும் முகவரியும், அண்மையில் வைத்தியசாலையில் இருந்த தேதிகள், வெளிநாட்டில் இருந்த காலம், குடியுரிமை விவரம்.

2. அழைத்ததும் முதல் வார்த்தையாக "ஸ்பெஷல் ரூல்ஸ்" என்று சொல்லுங்கள். சொல்லத் தவறினால் சாதாரண வழியில் போட்டுவிடுவார்கள். நீண்ட கேள்விப் படிவம் வீட்டுக்கு வந்து சேரும்.

3. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்போதே கேளுங்கள். அழைப்பிலேயே சேர்ப்பார்கள்.

4. எஸ்ஆர்1ஐ யார் அனுப்புகிறார், எப்போது என்று சொல்லுங்கள்.

5. நடமாட்டக் கேள்விகளுக்கு அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ஐந்தாவதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கிவிடுகிறார்கள். "அம்மா நடப்பாரா?" என்று கேட்டால் "ஓம், வீட்டுக்குள்ளே நடப்பா" என்று பழக்கத்தில் வந்துவிடும். அளவுகோல் மீற்றரில் இருக்கிறது. 20 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு நடமாட்டத்தின் உயர்ந்த தொகை கிடைக்கும். 20க்கு மேல் நடந்தாலும் 50ஐத் தாண்ட முடியாதவருக்கு அடுத்த தொகை. லண்டன் இரட்டைத்தட்டு பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய 20 மீற்றர் வரும். அந்தத் தூரத்தை அம்மா பாதுகாப்பாக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்தில் நடக்க முடிகிறதா? ஒரு தடவை நடந்துவிட்டு அரை மணி நேரம் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அவரால் அதை நடக்க முடியாது என்றே கணக்கு. நல்ல நாளை வைத்துச் சொல்லாமல் பெரும்பாலான நாட்களில் உள்ள நிலையைச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். வெட்கத்தால் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

அட்டென்டன்ஸ் அலவன்ஸில் ஸ்பெஷல் ரூல்ஸ் பெட்டியில் குறியிட்டால் பராமரிப்புக் கேள்விகளைத் தாண்டிவிடலாம். தொலைபேசியில் கேட்டு வாங்கிய படிவத்தை 6 வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால், கேட்ட நாளையே விண்ணப்ப நாளாக எடுத்துக்கொள்வார்கள்.

கொடுப்பனவு கிடைத்த பிறகு, வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவர் கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். 2025-26இல் அது 83.30 பவுண். அந்த ஆண்டில் கழிவுகள் போக வாரச் சம்பளம் 196 பவுணைத் தாண்டக் கூடாது என்றிருந்தது.

வைத்தியர் மறுத்தால்

காரணத்தைக் கேளுங்கள். "இன்னும் அந்த நிலை வரவில்லை" என்றால், எந்த மாற்றம் வந்தால் திரும்ப வரலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "என்னால் காலத்தைச் சொல்ல முடியாது" என்றால், காலத்தைச் சொல்லத் தேவையில்லை என்பதை விளக்குங்கள். அதற்குப் பிறகும் தயங்கினால் குழுவில் உள்ள இன்னொருவரிடம் கேட்பதில் தவறில்லை.

யாருமே எழுதாவிட்டால் சாதாரண வழியில் உடனே விண்ணப்பியுங்கள். அங்கே சான்றுகளின் கணக்கு மாறிவிடும். நோயின் பெயரைவிட, நோயாளிக்கு அன்றாடம் என்ன உதவி தேவை என்பதே பார்க்கப்படும். மருந்துப் பட்டியல், பராமரிப்புத் திட்டம், ஒக்கியுபேஷனல் தெரபிஸ்டின் அறிக்கை, வீட்டில் எழுதிய ஒரு வார நாட்குறிப்பு ஆகியவை உதவும். நிலைமை மோசமானால் நடுவில் எஸ்ஆர்1க்கு மாற்றலாம்.

டிடபிள்யூபி மறுத்தால் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தில் தனியாகப் போராட வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஹொஸ்பிஸில் உள்ள நலன்புரி அலுவலர், மக்மில்லன் உதவி எண் (0808 808 00 00) இவர்கள் எல்லோரும் இலவசமாக உதவுவார்கள்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு

அங்கே பிப் இல்லை. அடல்ட் டிசபிலிட்டி பேமன்ட். முதியவர்களுக்குப் பென்ஷன் ஏஜ் டிசபிலிட்டி பேமன்ட். எஸ்ஆர்1க்குப் பதிலாகப் பாஸ்ரிஸ் என்ற படிவம். 12 மாத வரம்பும் இல்லை. வைத்தியரின் அல்லது தாதியின் மருத்துவத் தீர்ப்பே போதும். அடல்ட் டிசபிலிட்டி பேமன்டில் நடமாட்டப் பகுதியின் உயர்ந்த தொகையும் தானாகவே கிடைக்கும். என் கருத்தில் இதுவே நியாயமான முறை.

காசு வரத் தொடங்கிய பிறகு

வைத்தியசாலையில் 28 நாட்களுக்கு மேல் இருந்தால் பிப்பும் அட்டென்டன்ஸ் அலவன்ஸும் நிறுத்தப்படும். போன நாளையும் திரும்பி வந்த நாளையும் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால் கூடுதலாக வந்த காசைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். ஆனால் தொண்டு நிறுவன ஹொஸ்பிஸில் ஸ்பெஷல் ரூல்ஸ் நோயாளியாக இருந்தால் நிறுத்த மாட்டார்கள். அதனால் "ஹொஸ்பிட்டல்" என்று பொதுவாகச் சொல்லாமல் "ஹொஸ்பிஸ்" என்று துல்லியமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒருமுறை ஊரைப் பார்க்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். 13 வாரம் வரை வெளிநாட்டில் இருந்தாலும் காசு தொடரும். இங்கே தொடங்கிய நோய்க்குச் சிகிச்சை பெறப் போனால் 26 வாரம் வரை தொடரும். புறப்படுவதற்கு முன்பே பயணத் தேதிகளையும் காரணத்தையும் அறிவித்துவிடுங்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் போனால் போன நாளிலேயே உரிமை முடிந்துவிடும்.

முடிவு வருவதற்குள் நோயாளி இறந்துவிட்டால், ஏற்கனவே தொடங்கிய விண்ணப்பத்தைக் குடும்பத்தவர் தொடர்ந்து நடத்தலாம். அதுவரைக்கும் உள்ள தொகை அவருடைய உரித்துடையவர்களுக்குச் சேரும். இறந்த பிறகு புதிதாக விண்ணப்பிக்க முடியாது. பராமரித்தவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் மேலும் 8 வாரம் வரை வரும்.